அத்தையின் இரண்டாவது சுற்று

என் மாமியார் சத்துணவு மையத்தில் 32 வருஷம் வேலை பார்த்தவர். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1986-இல் சமையல் உதவியாளராகச் சேர்ந்தார், பிறகு சமையலர் ஆனார், 2018-இல் ஓய்வு. 2024 ஐப்பசியில் காலமானார். ஊருக்கு அவர் ‘ஆயா’. வாத்தியார்களுக்கு ‘ஆயாம்மா’. எனக்கு அத்தை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: தங்கமான மனுஷி. உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதோடு விட்டுவிட்டால் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. பிறவிக் குணம், நமக்கு வராது என்று போய்விடலாம். கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அத்தையின் நல்ல குணத்தில் பாதிக்கு மேல் கைப்பழக்கம். யோசித்து, செய்து பார்த்து, மாற்றிப் பிடித்துக்கொண்ட முறைகள். அவற்றை எழுதி வைத்தால் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கும், வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் உதவும்.

சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்தது எங்கள் திருச்சி மாவட்டத்தில்தான், 1982 ஜூலை 1 அன்று, பாப்பாக்குறிச்சியில். அது நடந்து நாலு வருஷத்தில் என் மாமனார் இறந்துபோனார். அத்தைக்கு அப்போது 26 வயசு, இரண்டு பையன்கள். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவில்லாத பெண்களுக்கும் இந்த வேலையில் முன்னுரிமை இருந்தது. யாரோ மனு எழுதிக் கொடுக்க, யாரோ ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போக, வேலை கிடைத்தது. அன்றைக்குக் கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் மாசா மாசம் வந்தது. “ஒண்ணாந்தேதின்னு ஒரு தேதி என் வாழ்க்கையில வந்ததே அப்பத்தான்” என்பார்.

ஆரம்ப வருஷங்கள் இனிப்பாக இருக்கவில்லை. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்ததும் சில வீடுகளில் பிள்ளைகளுக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். தட்டை எடுக்காமல் சில பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடும். அப்போதிருந்த தலைமையாசிரியர் ஒருநாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு பிள்ளைகள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “ஆயாம்மா, மொதல்ல எனக்குப் போடுங்க” என்றாராம். அதன் பிறகு தினமும் அப்படியே. கூட்டம் போடவில்லை, புத்திமதி சொல்லவில்லை. ஒரு பருவத்துக்குள் தூக்குவாளிகள் குறைந்துபோயின. அத்தை பொறுமையாக இருந்தார் என்று இதைச் சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிக்காது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்க முடியும்? அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவர் அந்த வாத்தியார். அத்தையும் அப்படித்தான் சொல்வார்.

இனி அவருடைய முறைகளுக்கு வருகிறேன்.

சத்துணவில் அரிசிக்கு அளவு உண்டு. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம். காலையில் வருகைப் பதிவு எடுத்து, மையப் பொறுப்பாளரான அமைப்பாளர் டீச்சர் கணக்குச் சொல்லி, அதற்கேற்ப அளந்து போடுவார். கூடுதலாகப் போட வழி கிடையாது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பசி இருக்காது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பாதியை வைத்துவிடும், ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பத்தாது. முக்கியமாகத் திங்கட்கிழமை. சனி ஞாயிறு வீட்டில் என்ன சாப்பிட்டது என்பது திங்கட்கிழமை தட்டில் தெரியும் என்பார் அத்தை.

வழக்கமாக என்ன செய்வார்கள்? எல்லாருக்கும் ஒரே அளவு போட்டுவிட்டு, “இன்னும் யாருக்கு வேணும்?” என்று கேட்பார்கள். அத்தை அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். கூச்சப்படுகிற பிள்ளை கையைத் தூக்காது. உண்மையிலேயே வீட்டில் இல்லாத பிள்ளைதான் அதிகம் கூச்சப்படும். அதனால் முதல் சுற்றில் எல்லாருக்கும் முக்கால் கரண்டிதான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது சுற்று, ஒரு பிள்ளை விடாமல் எல்லார் முன்னாலும் நின்று போவார். வேண்டாம் என்கிற பிள்ளை தட்டின் மேல் கையை மறைத்துக்கொள்ளும். வேண்டும் என்கிற பிள்ளை சும்மா இருந்தால் போதும், தட்டில் விழும். சொல்ல வேண்டிய வேலை வேண்டாம் என்பவனுக்கு, வேண்டும் என்பவனுக்கு இல்லை. அவ்வளவுதான் சூட்சுமம். குப்பைக்குப் போகிற சோறும் இதனால் குறைந்தது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் பயிற்சியிலும் இல்லை.

நான் இதை அப்படியே எங்கள் வீட்டு விசேஷங்களில் செய்கிறேன். பந்தியில் பெரியவர்களும் கூச்சப்படுவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதிலும் ஒரு வழக்கம். வடித்த சோற்றில் முதலில் கொஞ்சத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் கோடு கோடாகக் கிழித்து ஆற விடுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சோறு. கொதிக்கிற சாதத்தில் சாம்பாரை ஊற்றினால் பிஞ்சு விரலால் பிசைய முடியாது, மணி அடித்துவிடும், பாதிச் சோற்றோடு எழுந்துவிடும். “புள்ள சரியா திங்கலன்னு டீச்சர் சொல்றாங்க. சுடுதுன்னு யாருக்கும் தோணல” என்பார்.

முட்டை விஷயம் தனிக்கதை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது, படிப்படியாக ஏறி 2010 முதல் பள்ளி நாளெல்லாம் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டைகளை வேகவைக்கும் முன்னால் அகல அண்டாவில் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாக இறக்குவார். அடியில் படுத்தால் நல்லது. அடியில் நட்டுக்குத்தலாக நின்றால் பழசு, அதை உடனே சமைக்க வேண்டும். மிதந்தால் எடுத்துப் போட்டுவிட்டு டீச்சரிடம் காட்டி நோட்டில் எழுதச் சொல்வார். “மிதந்த முட்டைக்கு மனசு பாக்காத, புள்ள வயிறு கெட்டா எந்தக் கணக்கும் நிக்காது.” அண்டாவில் பச்சைத் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டு, கல் உப்புச் சேர்த்து, பிறகுதான் அடுப்பை மூட்டுவார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஓடு விரிசல் விடும். வெந்ததும் வடித்து உடனே குளிர்ந்த தண்ணீர். தோல் சட்டை கழற்றுவது மாதிரி வரும்.

மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பெண் குழந்தை தினமும் முட்டையைப் பாவாடை மடிப்பில் சுருட்டிக்கொண்டு போவதை அத்தை பார்த்திருக்கிறார். அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. இன்னொருவராக இருந்தால் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பார். அத்தை இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தத் தெரு வழியாக நடந்து போனார். திண்ணையில் இரண்டரை வயசுத் தம்பி ஒருவன், அக்கா கொண்டுவந்த முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். மறுநாளே அத்தை அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி, அந்தப் பையனைப் பால்வாடியில் சேர்க்க வைத்தார். காலையில் பள்ளிக்கு வரும்போது இவரே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுவார். அங்கே அவனுக்குச் சாப்பாடும் உண்டு, முட்டையும் உண்டு. அக்காளின் முட்டை அக்காளுக்கே ஆனது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு அவள் திருச்சியில் நர்ஸ். அத்தை தன்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதே அவளுக்குத் துக்க வீட்டில் நான் சொல்லித்தான் தெரியும்.

குழந்தை தப்புச் செய்வது போலத் தெரிந்தால் முதலில் வீட்டைப் போய்ப் பார் என்பது அவருடைய பழக்கம். நான் அறிந்தவரை பள்ளி ஊழியர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஆயாவால் அது முடியும், வாத்தியாரால் எப்போதும் முடியாது. அவர் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருவார், நாலரைக்கு பஸ் பிடிப்பார். ஆயா அதே ஊர்.

2004 ஜூலை 16, கும்பகோணம் தீ விபத்து. சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அன்றைக்கு அத்தை சமைத்துக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோவில் கேட்டதாகச் சொல்வார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஆனால் அதற்கு அடுத்த நாளிலிருந்து சில விஷயங்கள் மாறின. சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, கரியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பரிமாற வருவார். பிள்ளைகள் எத்தனை பசியில் கத்தினாலும் சரி. கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையோ விறகோ சைக்கிளோ எது நின்றாலும் தலைமையாசிரியருடையது என்றுகூடப் பார்க்க மாட்டார், நகர்த்தச் சொல்வார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் டியூபை வாரம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழி வந்தால் கசிவு. எங்கள் வீட்டில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை என்னுடையது.

வீட்டிலும் மனுஷி அப்படித்தான். நான் லால்குடியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன், வீட்டுக்கு வர ஏழரை ஆகும். மருமகள் வரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதில்லை. அது எனக்குத்தான் சங்கடம் என்று அவருக்குத் தெரியும். சட்டியிலிருந்து முதல் கரண்டிக் குழம்பும் நல்ல துண்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுவார். கடைசியில் மிஞ்சியதை வைப்பதற்கும் முதலிலேயே எடுத்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், பிந்தி வந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் புரியும்.

என் கணவரும் அவர் அண்ணனும் மனைக்கட்டு விஷயத்தில் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தார்கள். அத்தை சமாதானம் பேசவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு குடும்பமும் தன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், இலை எடுக்கும்வரை காசு, நிலம், யார் யாருக்கு என்ன செய்தார் என்ற பேச்சு வரக் கூடாது என்றார். பேச வேறு விஷயம் இல்லாமல் இருவரும் கறிக்குழம்பைப் பற்றிப் பேசினார்கள், பிறகு கிரிக்கெட். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, இவரே பத்திரத்தை எடுத்து வைத்து, “இப்பப் பேசுங்க, வயிறு நெறஞ்சிருக்கு” என்றார். அரை மணியில் முடிந்தது. என் ஓர்ப்படி அக்கா இன்றும் அந்த ஞாயிற்றுக்கிழமையை விடாமல் நடத்துகிறார்.

எனக்கு ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகாது. தனக்கு முடியவில்லை என்பதை அவர் சொல்ல மாட்டார். ஓய்வுக்குப் பிறகு மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனது. மாடிப்படி ஏறியதால், பனியால் என்று ஏதாவது சொல்லுவார். ஆஸ்பத்திரியில் எப்போதும் கேட்பது, பீடி சிகரெட் உண்டா? இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஒரு டாக்டரிடம் நான்தான் இடையில் புகுந்து, விறகடுப்பில் இருபது வருஷத்துக்கு மேல் அண்டா அண்டாவாகச் சமைத்தவர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து விசாரித்தார். அதன் பிறகுதான் நுரையீரல் ஊதும் பரிசோதனை, அதற்கான மருந்து, இன்ஹேலர் எல்லாம். உங்கள் வீட்டில் சத்துணவுக் கூடத்திலோ ஓட்டலிலோ கல்யாணச் சமையலிலோ விறகுப் புகையில் நின்றவர் இருந்தால், மருத்துவரிடம் வேலையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

காகிதங்கள் பற்றி என் தொழில் சார்ந்து கொஞ்சம். அத்தைக்கு ஒன்றியப் பதிவேட்டில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து, குடும்ப அட்டையில் பெயரே ஓர் எழுத்து மாறி இருந்தது. ஓய்வு பெறும் முன்பே உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக்கினோம். ஆள் இருக்கும்போது இது ஒரு மத்தியான வேலை. போன பிறகு என்றால் நாலு அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் இறந்ததால் எங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடமே முடிந்தது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் தருவார். அதற்கு இறப்புச் சான்று கையில் வேண்டும், அதனால் அதை முதலில் வாங்குங்கள். மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. இறந்ததும் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். தெரிவிக்காமல் விட்டு, இறந்த பிறகும் பணம் ஏறிக்கொண்டே இருந்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லி வருவார்கள். வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் அவரைப் பற்றிப் பழைய மாணவர்களிடம் கேட்டுச் சேர்க்கலாம் என்று கிளம்பினோம். “ஆயா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் எல்லாரும் நல்லவங்க, அன்பானவங்க என்று நிறுத்திக்கொண்டார்கள். கேள்வியை மாற்றினேன். “உன்னை அவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?” “உன்னை எதுக்குத் திட்டினாங்க?” “நீ எந்த எடத்துல உக்காந்து சாப்பிடுவ?” கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் மூன்றாவது வேர் தன்னுடைய இடம் என்றான் ஒருவன். இப்போது லாரி ஓட்டுகிறான். கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்கினால் தலையில் லேசாகத் தட்டி, “தலைமுடி கொட்டுனா எங்கிட்ட வராத” என்பாராம். அவனுக்கு இப்போது முடி இல்லை, சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பேசியதையெல்லாம் செல்போனில் பதிவு செய்து, யார் குரல் என்று கோப்புக்குப் பெயரும் போட்டு வைத்தேன். பெயர் போடாவிட்டால் ஆறு மாதத்தில் நமக்கே அடையாளம் தெரியாது. பழைய வகுப்புப் படங்களையும் அப்படியே, பின்பக்கம் பென்சிலால் வருஷமும் பெயர்களும்.

அவருடைய சமையல் அளவுகளையும் எழுதச் சொல்லியிருந்தேன், அது அவர் உயிரோடு இருக்கும்போதே. 2014 வாக்கில் கலவைச் சாதம் எல்லா மையங்களுக்கும் வந்தபோது அவர் தனியாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பத்துப் பேர் அளவை ஏழு மடங்காக்கினால் எழுபது பேருக்கு ஆகிவிடாது. அரிசியும் பருப்பும் அப்படியே பெருக்கலாம். மிளகாய், புளி, உப்பு மூன்றையும் முக்கால் போட்டு, ருசி பார்த்து மிச்சத்தைச் சேர்க்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான், பெரிய பாத்திரத்தில் ஆவியாவது விகிதத்தில் குறைவு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்து, மகளிர் குழுவிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் சமைக்கப் போனாள். முதல் வாரம் ரவா உப்புமா களியாகிவிட்டது என்று அழுதாள். அத்தை மூச்சு வாங்க வாங்க அவள் வீட்டுக்கு நடந்து போய், ரவையை வாசம் வரும்வரை வறுக்கச் சொல்லி, வழக்கமான தண்ணீரில் கால் பங்கைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். “கடைசில வேணும்னா தெளிச்சுக்க. ஊத்துனத எடுக்க முடியாது.”

முதல் வருஷத் திதிக்குப் பள்ளியில் ஒருவேளைச் சாப்பாடு போடலாம் என்று என் கணவர் சொன்னார். சாப்பாடுதான் அங்கே தினமும் இருக்கிறதே, இப்போது வேலை பார்க்கிற ஆயாவிடம் கேட்போம் என்றேன். அவருக்கு முழங்கால் வலி. சோற்று அண்டாவைச் சமையல் கூடத்திலிருந்து வராந்தாவுக்குத் தூக்குவதுதான் கஷ்டம், சக்கரம் வைத்த வண்டி ஒன்று இருந்தால் போதும் என்றார். லால்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, அண்டா ஆடாமல் உட்கார வளையம் வைத்து, வாசற்படியில் ஏற்ற இறக்கச் சரிவுப் பலகையோடு செய்து கொடுத்தோம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இருப்புப் பதிவேட்டிலும் ஏற்றச் சொன்னேன். முதல் நாளே ஒரு சக்கரம் கிரீச்சிட்டது, எண்ணெய் விட்டதும் சரியானது. அடுத்த வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெங்காயம் நறுக்குகிற மெஷின் என்கிறார். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.